செயின் அறுந்தது, வழக்குத் தள்ளுபடியானது!

அரசியல் பேச வேண்டிய பத்திரிகையிலே மோட்டார் சைக்கிள் செயினைப் பற்றி எழுதப் புகுந்தானே, இவனுக்கு வேறு விஷயம் அகப்படவில்லையா என்று, காரில் ஏறிக் காரில் இறங்கும் கனவான்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அரசியலமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம், இனியும் எழுதுவோம். ஆனால், தன் காணிக்கு நியாயம் கேட்டு நீதிமன்றுக்குப் புறப்பட்ட ஒரு கமக்காரன் நடுக்காட்டிலே நிற்கிறான். அவனை அங்கே நிறுத்தி வைத்தது எது என்று கேட்க மறுக்கும் அரசியல் யாருக்கு வேண்டும்?

அந்தக் கமக்காரனோடு நானும் நின்றேன். ஆதலால் எழுதுகிறேன்.

மல்லாவிப் பக்கத்தில் வசிப்பவன் நான். தொழில் சட்டத்தரணித் தொழில். எனக்குள்ள வாகனம் ஒன்றே. பத்தாண்டுக்கு மேல் ஓடிக் களைத்த மோட்டார் சைக்கிள். நீதிமன்றுக்குப் போவதும் அதிலேதான். சங்கக் கூட்டங்களுக்குப் போவதும் அதிலேதான். தாயாரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்வதும் அதிலேதான். மல்லாவியிலிருந்து மாங்குளம் சென்று, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாகக் கிழக்கே கடற்கரை வரை போனால் அறுபது கிலோமீற்றருக்குக் குறையாது. இடையிலே காடு. காட்டிலே யானை. இவை எல்லோரும் அறிந்தவை.

சென்ற ஆண்டு ஒரு விளக்கத் தவணை. வழக்காளி அறுபது வயது கடந்த ஒரு கமக்காரர். 2009 ஆம் ஆண்டு உடுத்த துணியோடு ஊரைவிட்டு ஓடி, முகாமில் இருந்து, பின்னர் மீண்டு வந்து பார்த்தபோது அவருடைய வயலின் எல்லைக்கல் தன் இடத்தில் இல்லை. அந்த வழக்கு எட்டு ஆண்டுகளாக நடக்கிறது. அன்று காலை அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மாங்குளத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து சிறிது தூரந்தான் சென்றிருப்போம். படாரென்று ஒரு சத்தம். செயின் அறுந்து பின்சில்லில் சுற்றிக்கொண்டது. இருவரும் விழாமல் தப்பியது புண்ணியம்.

கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத துண்டு அது. காலையில் வரவேண்டிய பஸ் அன்று வரவில்லை. கடைசியில் உழவு இயந்திரம் ஒன்று வந்து, எங்களையும் வண்டியையும் பெட்டியில் ஏற்றி ஒட்டுசுட்டானில் இறக்கியது. அங்கே ஒரு கராஜில் செயினைப் பூட்டுவித்து நீதிமன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வழக்குக் கூப்பிட்டு முடிந்துவிட்டது. வழக்காளி இல்லை, அவருடைய சட்டத்தரணியும் இல்லை, வழக்குத் தள்ளுபடி! நீதிமன்றத்தைக் குறை சொல்ல இடமில்லை. விளக்கத் தினத்தில் வழக்காளி தோன்றாவிடின் வழக்கைத் தள்ளுவதே குடியியல் நடவடிக்கைக் கோவையின் விதி. கிழவர் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, எட்டு வருஷமா நடந்த வழக்கு ஒரு செயினிலையோ போச்சுது?" என்றார். நான் படித்த சட்டத்தில் அதற்கு விடை இருக்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. தள்ளுபடிக் கட்டளையை நீக்கும்படி மனுச் செய்தோம். தோன்றாமைக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். செயின் அறுந்தது என்று சத்தியக் கடதாசி முடித்தோம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "செயின் அறுந்ததற்குச் சான்று என்ன? திருத்தியதற்குப் பில் எங்கே?" என்று கேட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பில் இல்லை! கராஜ்காரர் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒப்பந்தம் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் சட்டத்தரணி, தன் வண்டியைத் திருத்தியபோது ஒரு துண்டுக் கடதாசி வாங்கவில்லை. அந்தக் கராஜ்காரர் பெருமனத்தோடு ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து சத்தியம் செய்து கொடுத்தபடியால், எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை செலுத்தும் நிபந்தனையோடு வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. நடுவிலே ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன.

அறுந்த செயினோ மூன்றே வாரத்துக்கு முன் நகரத்துக் கடை ஒன்றில் புதிதாக வாங்கிப் பூட்டியது. பெட்டியிலே பெயர்பெற்ற கம்பெனியின் பெயர் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்தது யார் வீட்டு இரும்போ! கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "எங்களிடம் வாங்கினது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே வெறுங்கை.

இவ்வளவையும் எனது சொந்தத் துயரத்தைப் பாடுவதற்காகக் கூறவில்லை. வன்னியிலே இது ஒருவனுடைய கதையன்று. காலையில் பால் கொண்டு போகிறவனின் வண்டி நின்றால் பால் திரைகிறது. துணுக்காய்ப் பக்கத்து உட்பாடசாலைக்கு ஸ்கூட்டரிலே போகும் ஆசிரியையின் வண்டி மாலையிலே காட்டு வழியில் நின்றால், அவர் வீடு போய்ச் சேரும்வரை ஒரு குடும்பமே வாசலில் நிற்கிறது. குடும்பநல உத்தியோகத்தரின் வண்டி நின்றால் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பரிசோதனை நிற்கிறது. இந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அவற்றிற் பல, ஒரு வீட்டின் ஒரே வாகனம். அந்த ஒன்று நின்றபின் அவ்வீட்டார் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் சந்தைக்கும் எப்படிப் போவர்?

அது அவரவர் சொந்தச் சொத்து, பழுது பார்ப்பது அவரவர் சொந்த வேலை, இதில் அரசுக்கென்ன, சங்கத்துக்கென்ன என்று வாதிப்பார் உளர். இந்த வாதத்தைத்தான் நான் வேரோடு மறுக்கிறேன். பஸ் ஒழுங்காக ஓடும் ஊரிலே மோட்டார் சைக்கிள் சொந்த வசதி. பஸ் ஓடாத ஊரிலே அது, அரசாங்கம் செய்யத் தவறிய கடமையைக் குடிமகன் தன் காசில், தவணைக் கடனில், தன் முதுகில் சுமப்பதாகும். 1958 ஆம் ஆண்டு பஸ் சேவையை நாட்டுடைமை ஆக்கியபோது, இலாபம் இல்லாத பாதைக்கும் பஸ் ஓட வேண்டும் என்பதன்றோ சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று? நீதிமன்று கூடிய பின்னர் வந்து சேர்ந்து, கிளினிக் முடியுமுன் திரும்பிப் போகும் பஸ்ஸுக்குப் பஸ் என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைச் சேவை என்று சொல்ல வேண்டாம்.

அரசாங்கத்துக்கு இந்த உண்மை தெரியாதென்றும் எண்ண வேண்டாம். 2014 ஆம் ஆண்டு வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குச் சலுகை விலையில் மோட்டார் சைக்கிள்கள் வழங்கப்பட்டனவே, எதற்காக? அது இல்லாமல் கிராமங்களில் கடமை செய்ய முடியாது என்பதற்காக. நல்லது. அதே கிராமத்திலே வாழ்கிற கமக்காரனுக்கு மட்டும் அது ஆடம்பரமாகிவிடுமோ? 2022 ஜூலையில் எரிபொருளுக்குப் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று கணக்குப் போட்டார்கள். லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் இருநூறு கிலோமீற்றர். என் போக்குவரவு ஒரு நாளைக்கு நூற்றிருபதுக்கு மேல். வாரத்திலே ஒன்றரை நாள் நீதி! கொழும்பிலே அக்கணக்கைப் போட்டவரின் மனத்தில், மோட்டார் சைக்கிள் என்றால் சந்திக் கடைக்குப் போய் வருவது.

பழுதின் கணக்கும் அப்படியே. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காரணம் காட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகள் மேலும் பழையனவாயின. 2022 இன் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்று அறுபதை எட்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. நல்ல பாகம் எட்டாத விலைக்குப் போனால் ஏழை என்ன செய்வான்? போலிப் பாகத்தை வாங்குவான். போலிச் செயின் அறுகிறது. போலி பிரேக் சூ பிடிக்க மறுக்கிறது. முதலாவது வழக்கைத் தின்னும். இரண்டாவது ஆளையே தின்னும்.

திருத்துகிறவர்களும் அருகி வருகின்றனர். 2022 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். கையில் தொழில் உள்ள இளைஞன் முதலில் போவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்களூர்ச் சந்தியிலே முன்பு மூன்று கராஜ்கள் இருந்தன, இன்று ஒன்று.

என் பிள்ளைப் பிராயத்தை எண்ணிப் பார்க்கிறேன். 1990 இற்குப் பின்னர் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. என் தந்தையாரிடம் பழைய ஹொண்டா 90 ஒன்று இருந்தது. சிறு போத்தலில் பெற்றோலை மருந்துபோல் வைத்திருந்து, சில துளிகள் விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார். புகை கண்ணைக் கரிக்கும். பிளக் கரி பிடித்து அடிக்கடி நின்றுபோகும். இறக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மீண்டும் பூட்டுவார். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அது தெரிந்தே ஓட்டினார்; வேறு வழியிருக்கவில்லை. தேய்ந்த பாகத்துக்கு ஈயம் வைத்தும், ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குக் கடைந்து பொருத்தியும், அக்காலத்துத் திருத்துநர்கள் ஒரு சமூகத்தையே அசைய வைத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. நாமாவது கொடுத்தோமா? மேடையிலே எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். கறுத்த கைகளையுடைய அவர்களில் ஒருவரை மேடைக்கு அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

தடை போட்டவர்கள் அன்று செய்ததை, இன்று விலையும் போலியும் நம்முடைய அசட்டையும் சேர்ந்து செய்கின்றன. அசட்டை என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். அரசாங்கத்தைத் திட்டிய கையோடு நம்மையும் சிறிது திட்டிக்கொள்வது நேர்மை. வண்டியைப் பேணாமல் ஓட்டிவிட்டு நடுவழியில் நின்று அழுகிறார்கள் என்று சிலர் ஏளனம் செய்வதில் முக்காற்பங்கு அநியாயம், காற்பங்கு உண்மை. அன்று என் பையிலே முந்நூறு பக்க வழக்குக் கோவை இருந்தது. ஒரு செயின் லொக் இருக்கவில்லை. சின்னி விரல் நுனியளவு பொருள் அது! அதுவும், ஒரு குறடும், அறுந்த கண்ணியைத் தட்டிக் கழற்ற ஓர் ஊசியும் இருந்திருந்தால், அரை மணி நேரத்தில் அறுந்த இடத்தை இணைத்து, மெல்ல மெல்லவேனும் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஆகவே, ஒரே வண்டியை நம்பி வாழ்கிறவன் இரண்டு வண்டி வைத்திருக்கிறவனைப்போல நடந்துகொள்ள முடியாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்; நீங்கள் சும்மா கற்கலாம். எஞ்சினைத் திறக்குமுன் பாகம் கையில் இருக்க வேண்டும். இது முதல் விதி. "திறந்து பார்த்துவிட்டுப் பிறகு கொழும்பிலிருந்து எடுப்பிப்போம்" என்று சொல்லித் திறந்த வண்டி, கராஜின் மூலையிலே வாரக்கணக்கில் எலும்புக்கூடாய்க் கிடக்கும். வண்டிக்காரன் ஊராரிடம் இரந்து திரிவான். ஓடக்கூடிய நிலையிலிருக்கும்போதே, தேய்மானத்தைக் காட்டும்போதே, பாகத்தைத் தேடி வாங்கி வீட்டிலே வைத்துக்கொண்டு, பின்பு நாள் குறித்துத் திருத்த வேண்டும். தவணைக்கு முதல் நாள் மாலையில் எந்தத் திருத்தமும் செய்யலாகாது. செய்தபின் பக்கத்து ஊருக்கு ஒரு முறையேனும் ஓடிப் பார்த்து, ஆணிகளை மறுபடியும் இறுக்கிய பின்பே தூர வழிக்கு எடுக்க வேண்டும். காலபோக விதைப்பும் மாரியும் தொடங்குமுன், ஆவணி புரட்டாதியிலே, பெரிய வேலைகளை முடித்துவிட வேண்டும். மாட்டுக்கு இலாடம் அடிக்கவும் கலப்பைக்குக் கொழு மாற்றவும் பருவம் பார்த்த சாதியன்றோ நாம்!

சிறு காரியங்கள் சில உண்டு. நடுவிலே பிடித்து அசைத்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் செயின் ஆடுமாயின் இறுக்க வேண்டும். தேய்ந்த பற்சில்லோடு புதுச் செயினைப் பூட்டினால் அது புதுச் செயினையும் தின்றுவிடும். செற்றாகவே மாற்றுவது முடிவில் மலிவு. கிறவல் வீதியிலே ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி செம்மண்ணால் அடைபட்டுப் பெற்றோலைக் குடிக்கும். புத்தகத்தில் எழுதிய காலம் வரும்வரை காத்திராமல் அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டும். கிளச் வயர் அறும்வரை பொறாமல், புதிய வயர் ஒன்றைப் பழையதன் அருகிலேயே ஓட்டிக் கட்டி வைத்திருப்பார் ஒரு நண்பர். அறுந்தால் இரு முனைகளையும் மாற்றினால் போதும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை அவசரப்பட்டு உதைக்கலாகாது. பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றிய பின்னரே எழுப்ப வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளும் இவற்றைக் கற்கட்டும். ஆண்பிள்ளையைக் கூப்பிடும்வரை காத்து நிற்பதற்கு அந்தக் காட்டிலே ஆண்பிள்ளை எங்கிருந்து வருவான்?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அது என் தொழில். 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைக் கோவையின் 218 ஆம் பிரிவு, கடனுக்காகக் கமக்காரனின் சொத்தைக் கைப்பற்றும்போதும் அவனுடைய கமத்தொழிற் கருவிகளையும், பிழைப்புக்கு அவசியமான மாடுகளையும், விதைநெல்லையும் தொடலாகாது என்கிறது. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் இயற்றிய சட்டம்! மனிதனின் சோற்றுக்கு வழியாயிருக்கும் பொருளைச் சாதாரணச் சொத்தாகக் கருதலாகாது என்ற அறிவு அவனுக்கு அன்றே இருந்தது. சட்டத்தின் எழுத்திலே மோட்டார் சைக்கிள் இல்லை. ஆனால் நோக்கத்திலே இருக்கிறது. கமக்காரன் விதைநெல் மூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவது இன்று எதிலே?

1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஒரு பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரி, விவரித்து விற்ற பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்லாமலே அடக்கி வைத்திருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் மேலும் ஒரு படி செல்கிறது: வேலையைத் திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும், போடும் பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்ய வேண்டும். இத்தனை ஆயுதங்களையும் சட்டம் தந்திருக்க, நாம் அவற்றைப் பெட்டியிலே பூட்டிவைத்துவிட்டுக் கடைக்காரன் முன்னே கையைப் பிசைகிறோம். "பில் கேட்டால் முகம் முறியுமே" என்கிறீர்கள். முகம் முறியட்டும், செயின் முறியாமலிருக்கும்.

பில்லிலே பாகத்தின் பெயர், விலை, கூலி, திகதி, வண்டியின் இலக்கம் ஆகியவை இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கையிலே வாங்குங்கள். இது திருத்துநர்மீது ஐயம் கொள்வதன்று. போலிப் பாகத்தை விற்ற கடைக்காரனுக்கும் ஏமாந்த வண்டிக்காரனுக்கும் நடுவிலே அகப்பட்டு ஏச்சு வாங்குகிறவர் பெரும்பாலும் கராஜ்காரரே. அவரைக் காப்பதும் அந்தத் துண்டுக் கடதாசிதான்.

இன்னொரு அபாயம் வாசலுக்கு வந்துவிட்டது. புதிதாக வரும் வண்டிகளிலே காபரேற்றர் போய், மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் அமைப்பு வந்திருக்கிறது. பல வண்டிகளில் உதைத்து எழுப்பும் கிக்கரும் இல்லை. பற்றரி செத்தால் வண்டி செத்தது. பழுது என்னவென்று அறியவே கருவி வேண்டும். அக்கருவியும் அதற்கான விவரங்களும் நகரத்து முகவரிடம் இருக்கும், மல்லாவிச் சந்தியில் இரா. வண்டியை விற்கிறவன், அதைத் திருத்தும் அறிவையும் தன் பெட்டியிலேயே பூட்டிவைத்துக்கொண்டால், நாம் வாங்கியது வண்டியையா, அடிமைச் சீட்டையா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 என்ற ஒழுங்குவிதி, இரு சில்லு வண்டிகளின் திருத்த விவரங்களைத் தனியார் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. நாம் ஓட்டும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றைச் செய்து அனுப்பும் இந்தியாவிலே, 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசே இணையவாசல் ஒன்றைத் திறந்தது. வாகனத் துறையும் அதிலே அடங்கும். நமது பாராளுமன்ற உறுப்பினர்களே, இதைக் கேட்பதற்கு உங்களுக்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. எழுந்து நின்று கேட்டாற் போதும். உதிரிப்பாகத்தின் வரியைக் குறைக்கச் சொல்லுங்கள். செயினுக்கும் பிரேக் சூவுக்கும் தரச்சான்றைக் கட்டாயமாக்கச் சொல்லுங்கள். நீதிமன்று கூடுமுன் வந்து சேரும் ஒரு பஸ்ஸைக் கேளுங்கள்.

அவர்கள் கேட்கும்வரை நாம் என்ன செய்வது? ஒவ்வொரு பிரதேசத்திலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கமக்காரர் அமைப்பு இருக்கிறது. உரமும் அரிசியும் வைத்த அலுமாரியிலே ஒரு தட்டை ஒதுக்க முடியாதா? செயின் லொக், கிளச் வயர், பிளக், ரியூப், பிரேக் சூ, பல்ப், பியூஸ், நம்பத்தக்க இடத்திலிருந்து எடுப்பித்த எஞ்சின் ஒயில். எங்கள் ஊரிலே எவ்வெவ்வகை வண்டிகள் ஓடுகின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தால், பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். மொத்தமாக வாங்கினால் போலியும் குறையும், விலையும் குறையும். அதற்கு மேல், சங்கத்துக்கென்று மாற்று வண்டி ஒன்று: உறுப்பினரின் வண்டி கராஜில் இருக்கும் நாட்களுக்கு, காப்புறுதியும் வருமான வரிப்பத்திரமும் ஒழுங்காக உள்ள அந்த வண்டியைக் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். முதலில் நோயாளிக்கு, அடுத்தது தவணைக்காரனுக்கு, பிறகு மற்றவர்க்கு. யார் ஓட்டுவது, உடைத்தால் யார் கட்டுவது என்று சண்டை வரும் என்கிறார்கள். வரும். சங்கம் என்றால் சண்டை வராமலா? விதியை எழுதுவதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். கட்டணமின்றி எழுதித் தருகிறேன்.

வைத்தியர்களே, ஆசிரியர்களே, என் தொழிற் சகோதரர்களே! உங்களிற் பலருக்குக் கார் உண்டு. உங்கள் நோயாளிக்கும், உங்கள் மாணவனின் தகப்பனுக்கும், உங்கள் கட்சிக்காரனுக்கும் இல்லை. தவணைக்கு வராதவனை அசட்டை செய்கிறான் என்று எழுதுமுன், கிளினிக்குக்குப் பிந்தி வந்தவளை ஏசுமுன், எப்படி வந்தாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம் வரும் மாதம் நடைபெறவிருக்கிறது. உதிரிப்பாகத் தட்டுக்கு ஒரு தீர்மானமும் மாற்று வண்டிக்கு ஒரு தீர்மானமும் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது தீர்மானத்தை வழிமொழிவதாகக் கிழவர் சொல்லியிருக்கிறார். அறுந்த செயின் இன்னும் என் மேசையிலே கிடக்கிறது; அதையும் எடுத்துச் செல்வேன். தூரத்திலிருந்து வரும் உறுப்பினர்கள் புறப்படுமுன் தத்தம் செயினை ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டு வருக.